புல ஆழத்தைக் கணக்கிடுவது எப்படி?

மூன்று வரிசைகளில் நின்றவர்களை ஒருமுறை 50 மி.மீ. லென்ஸில் படம் எடுத்தேன். முன்வரிசை கேமராவிலிருந்து 3 மீட்டரிலும் பின்வரிசை 4.5 மீட்டரிலும் இருந்தன. வெளிச்சம் குறைவாக இருந்ததால் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப்/2.8 இல் அகலத் திறந்து வைத்து, முன்வரிசையில் நின்ற ஒருவரின் கண்ணில் ஃபோகஸ் செய்தேன். கேமராவின் பின்புறத் திரையில் எல்லா முகங்களும் கூர்மையாகவே தெரிந்தன. பத்து அங்குல அகலத்தில் அச்சிட்டுக் கையில் எடுத்தபோதுதான் பின்வரிசை முகங்கள் மங்கிக் கிடப்பதைக் கண்டேன். கேமராவிலும் குறையில்லை, லென்ஸிலும் குறையில்லை. நான் கணக்குப் போடாமல் எடுத்துவிட்டேன் என்பதே குறை. இந்தக் கட்டுரையில் அதே படத்தை எடுத்துக்கொண்டு, புல ஆழத்தைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே தாராளம்.

லென்ஸ் எந்தத் தூரத்தில் ஃபோகஸ் செய்யப்பட்டிருக்கிறதோ, அந்த ஒரே தளத்தில் உள்ள பொருள்கள் மட்டுமே உண்மையில் முழுக் கூர்மையுடன் பதிவாகின்றன. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஒரு சிறு வட்டமாக விழுகிறது. தளத்திலிருந்து விலக விலக வட்டம் பெரிதாகிறது. வட்டம் போதிய அளவு சிறியதாக இருக்கும்வரை நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கண் ஏற்றுக்கொள்ளும் தூர வரம்பைத்தான் புல ஆழம் என்கிறோம். ஆகவே அதன் எல்லையில் கூர்மை சட்டென அறுந்து விழுவதில்லை. மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது. எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பது நம் முடிவு.

அந்தக் கோட்டைத் தீர்மானிக்கும் எண்ணைத்தான் ஆங்கில நூல்கள் சர்க்கிள் ஆஃப் கன்ஃபியூஷன் என்கின்றன. இங்கே அதை மங்கல் வட்டம் என்று அழைப்போம்.

மங்கல் வட்டம்: முதலில் முடிவு செய்ய வேண்டியது

பெரும்பாலான செயலிகளில் கேமராவின் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் மங்கல் வட்டத்தின் அளவு தானாக நிரம்பிவிடுகிறது. இதனால், அது கேமராவுக்குள்ளேயே இருக்கும் ஒரு பண்பு என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. உண்மையில் அது படத்தை எந்த அளவில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறோம் என்பதைப் பற்றிய அனுமானம்.

வழக்கமான அனுமானம் இதுதான்: படம் 8 × 10 அங்குல அச்சாகும், அதை 25 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்போம்; அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவுக்குக் குறைந்த வட்டத்தைக் கண் புள்ளியாகவே காணும். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் படத்தைப் பத்து அங்குலத்துக்கு, அதாவது 254 மி.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கும்போது அது ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. 0.2 ஐ ஏழால் வகுத்தால் 0.029, அதை முழுமைப்படுத்தி 0.03 மி.மீ. என்று வைத்துக்கொண்டார்கள். சென்சார் சிறியதானால் அதே அச்சுக்குக் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் எண்ணும் சிறுக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.02 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 0.015 மி.மீ. என்பவை பொதுவாகப் பயன்படும் அளவுகள்.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ.; 0.03 மி.மீ. வட்டம் ஐந்து பிக்சல்களை நிரப்பிவிடும். எனவே கணினியில் படத்தை நூறு சதவீத அளவில் விரித்துப் பார்ப்பவருக்கு, சூத்திரம் கூர்மை என்று சொன்ன இடமும் மங்கலாகத்தான் தெரியும். பெரிய அச்சு எடுப்பவர்களும் நெருங்கி நின்று பார்ப்பவர்களும் ஃபுல் ஃப்ரேமுக்கே 0.015 ஐப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையின் கணக்குகளை, பிற அட்டவணைகளுடன் ஒப்பிட வசதியாக, 0.03 ஐக் கொண்டே போடுகிறேன்.

ஹைப்பர்ஃபோகல் தூரமும் இரு எல்லைகளும்

கணக்குக்கு நான்கு எண்கள் தேவை: லென்ஸின் குவியத் தூரம் (50 மி.மீ. லென்ஸ் என்றால் 50), எஃப் எண் (எஃப்/2.8 என்றால் 2.8), மங்கல் வட்டம், பொருளின் தூரம். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பாதியை மீட்டரிலும் பாதியை மில்லிமீட்டரிலும் போடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ஜூம் லென்ஸ் என்றால் படம் எடுக்கும் நேரத்தில் உள்ள உண்மையான குவியத் தூரத்தைப் போட வேண்டும்; 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடானது என்று விளம்பரங்களில் வரும் எண்ணைப் போடக் கூடாது.

முதல் படி, ஹைப்பர்ஃபோகல் தூரத்தைக் காண்பது. லென்ஸை எந்தத் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் கண்ணுக்கெட்டாத தொலைவு வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையுடன் இருக்குமோ, அந்தத் தூரங்களில் மிகக் குறைந்ததே ஹைப்பர்ஃபோகல் தூரம். படம் எடுக்க அது தேவைப்படாவிட்டாலும் கணக்குக்கு அது தேவை.

ஹைப்பர்ஃபோகல் தூரம் = (குவியத் தூரம் × குவியத் தூரம்) ÷ (எஃப் எண் × மங்கல் வட்டம்)

துல்லியமான சூத்திரத்தில் இந்த விடையுடன் குவியத் தூரத்தை ஒருமுறை கூட்ட வேண்டும். சாதாரணத் தூரங்களில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8 என்று எடுத்துக்கொண்டால், 2500 ஐ 0.24 ஆல் வகுக்க 10,417 மி.மீ. கிடைக்கிறது. அதாவது 10.42 மீட்டர்.

இரண்டாம் படி, பொருளின் தூரத்தைக் கொண்டு இரு எல்லைகளைக் காண்பது.

அண்மை எல்லை = (ஹைப்பர்ஃபோகல் தூரம் × பொருளின் தூரம்) ÷ (ஹைப்பர்ஃபோகல் தூரம் + பொருளின் தூரம்)

சேய்மை எல்லை = (ஹைப்பர்ஃபோகல் தூரம் × பொருளின் தூரம்) ÷ (ஹைப்பர்ஃபோகல் தூரம் − பொருளின் தூரம்)

பொருள் 3 மீட்டரில் இருந்தால், 10.42 ஐ 3 ஆல் பெருக்கி 31.26 என்று வைத்துக்கொள்கிறோம். அதை 13.42 ஆல் வகுத்தால் அண்மை எல்லை 2.33 மீட்டர், 7.42 ஆல் வகுத்தால் சேய்மை எல்லை 4.21 மீட்டர். இரண்டுக்கும் இடையிலுள்ள 1.88 மீட்டர்தான் புல ஆழம். குவியத் தூரத்தைச் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் 2.34, 4.19 என்றே வருகிறது. இந்த வேறுபாட்டுக்காகக் கவலைப்படுவது வீண். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது நாம் செய்யும் பிழை இதைவிடப் பெரிது. பொருளின் தூரம் ஹைப்பர்ஃபோகல் தூரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், சேய்மை எல்லைக்கான வகுத்தலில் சுழியமோ குறை எண்ணோ வரும். சேய்மை எல்லை முடிவிலி என்பதே அதன் பொருள்.

இந்த எடுத்துக்காட்டில் பொருளுக்கு முன்னால் 67 செ.மீ., பின்னால் 1.21 மீட்டர் கிடைத்திருக்கிறது. முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் மூன்றில் இரண்டு பங்கு என்று பலரும் சொல்லும் விதி இங்கே ஏறக்குறையப் பொருந்துவதற்குக் காரணம், 3 மீட்டர் என்பது 10.42 இன் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருப்பதுதான். பொருள் சரியாக ஹைப்பர்ஃபோகல் தூரத்தின் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும்போது மட்டுமே அந்த விதி முழு உண்மை. பொருள் நெருங்கும்போது முன்பின் பங்குகள் சமமாகின்றன. விலகும்போது பின்பங்கு முடிவிலியை நோக்கி நீள்கிறது.

பொருள் ஹைப்பர்ஃபோகல் தூரத்தைவிட மிக அருகில் இருக்கும் முகப்படங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. எஃப் எண்ணை மங்கல் வட்டத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, பொருள் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குவியத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மொத்தப் புல ஆழம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 85 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, 2 மீட்டர் என்றால் விடை 6 செ.மீ.; துல்லியக் கணக்கில் 5.7 செ.மீ. முகத்தைச் சற்றே திருப்பி நிற்பவரின் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வருவதற்கு இந்த எண்ணே காரணம் சொல்கிறது. எஃப் எண்ணை இரட்டித்தால், அதாவது இரண்டு ஸ்டாப் மூடினால் (ஒரு ஸ்டாப் மூடினால் ஒளி பாதியாகும்), ஆழம் இரட்டிக்கும். ஆனால் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் நான்கு மடங்காகும் என்பதும் இதே சூத்திரத்திலிருந்து தெரிகிறது.

கணக்கைத் தலைகீழாகப் போடுதல்

நடைமுறையில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையிலான கணக்கு. எது முதல் எது வரை கூர்மை வேண்டும் என்பது முன்பே தெரியும். எங்கே ஃபோகஸ் செய்வது, எந்த எஃப் எண்ணை வைப்பது என்பதே கேள்வி. செயலிகள் பலவற்றில் இதைக் காணோம் என்பது எனக்கு வியப்புத்தான்.

ஃபோகஸ் தூரம் = (2 × முன் தூரம் × பின் தூரம்) ÷ (முன் தூரம் + பின் தூரம்)

தேவையான ஹைப்பர்ஃபோகல் தூரம் = (2 × முன் தூரம் × பின் தூரம்) ÷ (பின் தூரம் − முன் தூரம்)

எஃப் எண் = (குவியத் தூரம் × குவியத் தூரம்) ÷ (தேவையான ஹைப்பர்ஃபோகல் தூரம் × மங்கல் வட்டம்)

என் குழுப்படத்துக்கு வருவோம். முன் தூரம் 3, பின் தூரம் 4.5, இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 27. அதைக் கூட்டுத்தொகையான 7.5 ஆல் வகுத்தால் ஃபோகஸ் தூரம் 3.6 மீட்டர். வித்தியாசமான 1.5 ஆல் வகுத்தால் தேவையான ஹைப்பர்ஃபோகல் தூரம் 18 மீட்டர். 2500 ஐ 18,000 × 0.03 ஆகிய 540 ஆல் வகுத்தால் 4.63. ஆகவே எஃப்/5 போதுமானது. கொஞ்சம் தாராளமாக எஃப்/5.6 வைத்தால் 2.90 முதல் 4.75 மீட்டர் வரை கிடைக்கும்.

இந்த விடையை முந்தைய கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்வரிசையில் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப்/8 வரை மூடியிருந்தாலும் சேய்மை எல்லை 4.21 மீட்டரில் நின்றுவிடும். பின்வரிசை அதற்கு வெளியேதான் இருக்கும். ஃபோகஸை 60 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினாலே எஃப்/5 போதும். சரியான இடத்தில் ஃபோகஸ் செய்வது ஒரு ஸ்டாப்புக்கும் மேலான வெளிச்சத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த இடம் இரு வரிசைகளின் நட்டநடுவான 3.75 மீட்டரும் அன்று. எப்போதும் முன்பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

அன்று திரை என்னை ஏன் ஏமாற்றியது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஃபோகஸ் தளத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி சென்சாரில் எவ்வளவு பெரிய வட்டமாக விழும் என்பதற்கு மூன்று எண்களைப் பெருக்க வேண்டும். முதலாவது, அப்பெர்ச்சரின் விட்டம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. இரண்டாவது, உருப்பெருக்கம், குவியத் தூரத்தை, ஃபோகஸ் தூரத்திலிருந்து குவியத் தூரத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். மூன்றாவது, ஃபோகஸ் தளத்திலிருந்து அந்தப் பொருள் விலகியுள்ள இடைவெளியை, கேமராவிலிருந்து அதற்குள்ள தூரத்தால் வகுத்து வருவது. என் படத்தில் இவை 17.9 மி.மீ., 0.017, மூன்றில் ஒன்று, பெருக்கினால் 0.10 மி.மீ. மூன்று அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 61 மி.மீ.; சென்சாரின் படம் அதில் 1.7 மடங்குதான் பெரிதாகிறது. எனவே சென்சாரில் 0.12 மி.மீ. வரையிலான வட்டம் கூடத் திரையில் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும். பின்வரிசை அந்த வரம்புக்குள் தப்பிவிட்டது. அச்சில் அதே வட்டம் ஏழு மடங்காகி 0.7 மி.மீ. ஆனபோது ஒளிய இடமில்லாமல் போயிற்று.

சென்சார் அளவும் குவியத் தூரமும்

சிறிய சென்சாரில் புல ஆழம் கூடும் என்ற கூற்று பாதி உண்மை. அதே 50 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டி, எஃப்/8 இல், அதே 3 மீட்டரில் எடுத்தால் மங்கல் வட்டம் 0.02 ஆவதால் எல்லைகள் 2.52, 3.71 மீட்டர், ஆழம் 1.88 இலிருந்து 1.2 மீட்டருக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் சட்டகத்துக்குள் அதே காட்சி அடங்க வேண்டும் என்று 33 மி.மீ. லென்ஸை மாட்டினால் எல்லைகள் 2.08, 5.36 மீட்டராகி ஆழம் 3.28 மீட்டருக்கு விரிகிறது. எதை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் நடக்கும் வாதங்களுக்கு முடிவே இராது. கைப்பேசியில் இது உச்சத்துக்குப் போகிறது: 6 மி.மீ. குவியத் தூரம், எஃப்/1.8, 0.007 மி.மீ. மங்கல் வட்டம் என்று வைத்தால் ஹைப்பர்ஃபோகல் தூரம் 2.86 மீட்டர்தான். பின்னணியை மங்கலாக்க அங்கே மென்பொருள் தேவைப்படுவது இதனால்தான்.

நீண்ட குவியத் தூரமுள்ள டெலி லென்ஸில் புல ஆழம் குறைவு என்பதும் இப்படிப் பாதி உண்மைதான். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/4 வைத்து 3 மீட்டரில் எடுத்தால் ஆழம் 87 செ.மீ.; 100 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/4 வைத்து, ஆளின் உருவம் அதே அளவில் வரும்படி 6 மீட்டருக்குப் பின்வாங்கினால் 85 செ.மீ. ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மிகத் தொலைவிலுள்ள பின்னணி முதல் படத்தில் 0.21 மி.மீ. வட்டங்களாகவும் இரண்டாம் படத்தில் 0.42 மி.மீ. வட்டங்களாகவும் விழுகிறது. பின்னணி மங்குவதும் புல ஆழமும் வேறு வேறு கணக்குகள்.

நிலக்காட்சியில் ஹைப்பர்ஃபோகல் தூரம்

24 மி.மீ. லென்ஸ், எஃப்/8 என்றால் ஹைப்பர்ஃபோகல் தூரம் 2.4 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்தால் அதில் பாதியான 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மை என்று சூத்திரம் சொல்கிறது. நான் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. தொலைவிலுள்ள மலை அப்போது மங்கல் வட்டத்தின் விளிம்பில், அதாவது ஏற்கத்தக்கதில் மிக மோசமான நிலையில் நிற்கிறது. பல படங்களில் அந்த மலைதான் கதாநாயகன். 0.015 ஐக் கொண்டு கணக்கிட்டு 4.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் அண்மை எல்லை 2.4 மீட்டருக்குத் தள்ளிப்போகும். அதற்கு ஈடாகத் தொலைவு நன்றாக இறுகும். ஃபோகஸ் பற்றி நூல் எழுதிய ஹெரால்ட் மெர்க்ளிங்கர் முன்வைத்த வழி இன்னும் எளியது: லென்ஸை முடிவிலியிலேயே வைத்துவிட்டால், அப்பெர்ச்சரின் விட்டத்தைவிடப் பெரிய விவரங்கள் எந்தத் தூரத்திலும் அடையாளம் தெரியும். இங்கே 24 ஐ 8 ஆல் வகுக்க 3 மி.மீ. புல்லின் இதழ் தெரிந்தால் போதும் என்பவருக்கு வேறு கணக்கே வேண்டாம்.

பழைய லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தின் இரு பக்கமும் எஃப் எண்களுடன் கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். அவை இதே கணக்கின் விடைகள். எஃப்/8 இல் எடுக்கும்போது எஃப்/4 இன் கோடுகளைப் பார்த்துக்கொண்டால், மங்கல் வட்டத்தைப் பாதியாக்கிக் கணக்கிட்டதற்குச் சமம்.

மூடிக்கொண்டே போனால் என்ன?

எஃப் எண்ணை உயர்த்த உயர்த்தப் புல ஆழம் கூடும் என்றாலும், சிறு துளை வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, ஃபோகஸ் தளத்தில் உள்ள புள்ளியைக்கூட ஒரு வட்டாக்கிவிடுகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம், எஃப் எண்ணை 0.00134 மி.மீ. ஆல் பெருக்கினால் வரும். எஃப்/8 இல் 0.011 மி.மீ.; எஃப்/16 இல் 0.021, எஃப்/22 இல் 0.03. அதாவது ஃபுல் ஃப்ரேமில் எஃப்/22 வைத்தால் படத்தின் எந்த இடமும் மங்கல் வட்டத்தைவிடக் கூர்மையாக இருக்க வழியில்லை. 1932 இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களான ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள்; அவர்களுக்கு அது இயன்றதற்குக் காரணம் 8 × 10 அங்குலம் போன்ற பெரிய நெகட்டிவ்கள். பெரிதாக்காமல் அப்படியே அச்சிடும்போது 0.2 மி.மீ. வரை அனுமதி உண்டு. எஃப்/64 இன் வட்டு 0.086 மி.மீ. தான்.

சிறு பொருள்களை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோவில் மேற்கண்ட தூரச் சூத்திரங்களைக் கைவிட்டு உருப்பெருக்கத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும்: 2 × எஃப் எண் × மங்கல் வட்டம் × (1 + உருப்பெருக்கம்) என்பதை உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பொருள் சென்சாரில் உண்மை அளவில் விழும்போது (உருப்பெருக்கம் 1), எஃப்/8 இல், கிடைப்பது 0.96 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அத்துடன் அங்கே எஃப்/8 என்பது விளிம்பு விளைவைப் பொறுத்தவரை எஃப்/16 ஆகிவிடுகிறது. பல படங்களை வெவ்வேறு ஃபோகஸில் எடுத்து அடுக்கி இணைப்பதைத் தவிர அங்கே வேறு நல்ல வழி இல்லை.

உங்கள் மங்கல் வட்டத்தை அளந்துகொள்ளுதல்

ஒரு நீளமான அளவுகோலைக் கேமராவின் பார்வைக் கோட்டுக்கு 45 பாகை சாய்வாக வையுங்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 வைத்து, சென்சாரிலிருந்து சரியாக 1 மீட்டரில் உள்ள ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்து, கேமராவைத் தாங்கியில் நிறுத்திப் படம் எடுங்கள். சென்சார் இருக்கும் தளத்தைக் காட்டும் சிறு குறி பெரும்பாலான கேமராக்களின் மேற்புறத்தில் உண்டு. தூரத்தை அங்கிருந்தே அளக்க வேண்டும். 0.03 மி.மீ. மங்கல் வட்டத்துக்குப் புல ஆழம் 6.4 செ.மீ.; சாய்ந்திருக்கும் அளவுகோலின் மேல் அது 9 செ.மீ. நீளமாகத் தெரிய வேண்டும். படத்தை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவில், வழக்கமாகப் பார்க்கும் தூரத்தில் வைத்து, கோடுகள் எதுவரை உங்களுக்குக் கூர்மையாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 செ.மீ. மட்டுமே கூர்மை என்று தோன்றினால் 0.03 ஐ 6 ஆல் பெருக்கி 9 ஆல் வகுங்கள். விடையான 0.02 தான் உங்கள் கண்ணுக்கும் உங்கள் அச்சுக்கும் உரிய மங்கல் வட்டம். மேலே உள்ள எல்லாச் சூத்திரங்களிலும் 0.03 க்குப் பதிலாக அதைப் போட்டுக் கணக்கிடுங்கள்.